நாருக்கு அடித்த ஆணி

பூக்காரா,

இன்று காலை, நாம் நின்று தொட்டிக்கு மண் நிரப்புகிற பெஞ்சில் யாரோ ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. மேல் பாத்தியில் ஜெரேனியம் குச்சி வெட்டிக்கொண்டிருந்தவன், கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில் பனி ஈரத்தில் ஓடக் கூடாதுதான். ஓடினேன். கொட்டகைக்குள் என் மருமகள் நின்றிருந்தாள். தாண்டிக்குடிப் பெண். நீ பார்த்ததில்லை, இந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் சுத்தியல், தோளில் ஒரு கத்தை வாழைநார். பெஞ்சின் முனைக் கம்பத்தில், நீ அடித்த அதே இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புது ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் நிற்கிற குதிரைகள்கூட மிரண்டிருக்கும். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பயந்த பெண் இல்லை அவள்.

"புதுசா வந்த நாரு கீழ கெடந்து நனையுது மாமா. தொங்கவிடத்தான் அடிச்சேன். ஒரு ஆணிக்கா இம்புட்டுச் சத்தம்?"

அவளுக்கு என்ன தெரியும். நான் குறடு எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கினேன். என் கோபம் அவள் மேல் இல்லை, உன் மேல். அப்படி ஒரு ஆணி குத்தித்தான் நீ செத்தாய். நாருக்கென்று நீயே அடித்த ஆணி. செத்து இத்தனை வருஷம் ஆகியும் உன்னைத் திட்டித் தீர்க்க எனக்கு ஒரு நாள் வாய்க்கவில்லை. இன்றைக்குத் திட்டப் போகிறேன். எங்கே இருக்கிறாயோ அங்கேயே உட்கார்ந்து கேள்.

பங்களாத் தோட்டத்தில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த காலத்தில் நமக்குப் பெஞ்சு ஏது. அங்கே ஒரு பெஞ்சு இருந்தது, துரைசாணி தன் கையால் பெகோனியா வைக்கிறதற்கு. நாம் தொட்டி வைத்ததெல்லாம் தரையில் குந்தித்தான். எனக்கு அதில் கஷ்டம் இருந்தது. என் ஊர் கூக்காலில் பூண்டு நடும்போதுகூட நான் எழுந்து எழுந்து முதுகை நிமிர்த்திக்கொள்கிற ஆள். உனக்குக் குந்துவது ஒரு பொருட்டே இல்லை. பழனியில் கோயிலுக்குப் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவன், சம்மணம் போட்டு உட்கார்ந்தால் உச்சிகாலம் வரைக்கும் அசையாதவன். அண்ணன் தம்பிக்குள் கோயில் முறை பங்கிடுவதில் ஏதோ மனஸ்தாபம் என்று மலையேறி வந்துவிட்டாய். வந்த புதிதில் என்னைப் பார்த்து, "பூண்டுக்காரா, ஒன் கை பட்ட பூவை எந்தச் சாமியும் ஏத்துக்காது" என்றாய். "நீ வச்ச செடி எந்தப் பூண்டு வயல்லயும் பொழைக்காது" என்றேன் நான். நம் சிநேகிதம் அங்கேதான் ஆரம்பித்தது.

துரைசாணி கப்பலேறிப் போன பிறகு, பங்களாவை மதுரைக்காரர் ஒருவர் வாங்கினார். அவருக்குத் தோட்டத்தில் ஆசை இல்லை. நாம் ஏரிக்குக் கீழே சரிவில் கொஞ்சம் இடம் பிடித்துத் தொட்டிச் செடி வியாபாரம் ஆரம்பித்தோம். சீசனுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பூத்தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிற ஊர் இது, பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம். கொட்டகை போடும் முன்பே, "மொதல்ல பெஞ்சு" என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். "தொரைசாணி கணக்கா நின்னுக்கிட்டு மண்ணு பெசையணுமாக்கும்" என்றாய். ஆனால் பெஞ்சு என்று முடிவான பிறகு அதன் மேல் பைத்தியமாகிப் போனவன் நீதான்.

நான் கற்பூர மரப் பலகை போதும் என்றேன். மலிவாகக் கிடைத்தது. நீ ஒரு துண்டை வாங்கி வந்து கொட்டகைக் கூரைக்கு வெளியே போட்டாய். ஐப்பசி மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் அதை எடுத்து என் முன்னால் நிறுத்தினாய். அப்பளம் பொரித்த மாதிரி நெளிந்து நின்றது. "இதுலயா தொட்டி வைக்கப் போற?" என்றாய். பிறகு எங்கேயோ காற்றில் சாய்ந்த சைப்ரஸ் மரம் ஒன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டு, ஆசாரியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாய். அறுத்த பலகையை மோந்து பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, தோளில் சுமந்து பார்த்துத்தான் வாங்கினாய். ஈரத்துக்கு அசையாத மரம். இன்றைக்கும் அந்தப் பலகை ஒரு நூல் வளையவில்லை. நீ பார்த்து எடுத்தது அப்படி நிற்கிறது, நீ நிற்கவில்லை.

உயரத்துக்குச் சண்டை போட்டது நினைவிருக்கிறதா. என் இடுப்புக்குச் சரியாக வைத்தால் உனக்கு நெஞ்சுக்கு வந்தது. உன் இடுப்புக்கு வைத்தால் நான் மறுபடி குனிய வேண்டும். ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுச் சொல்லியனுப்புங்க, நான் சோலியப் பாக்கப் போறேன்" என்று பீடி பற்ற வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழி கண்டுபிடித்தவன் நீ. பெஞ்சைச் சரிவுக்குக் குறுக்கே போடாமல் சரிவோடு போட்டு, கீழ்க் கால்களை நீளமாக வைத்து மேற்பலகையை மட்டமாக்கினாய். மேல் முனையில் நீ, கீழ் முனையில் நான். தரை எனக்கு இறங்கியது, உனக்கு ஏறியது, பெஞ்சு ஒன்றேதான். மலை இருக்கும்போது நமக்கு எதற்குச் சண்டை என்று சொல்லிவிட்டு நீ பெருமையாக நடந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதைப் பராமரித்ததைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் யார் வந்து எந்தச் செடி கேட்டாலும் கிடையாது. பலகையில் ஒட்டிய மண்ணைத் தகரத் துண்டால் சுரண்டுவாய். தண்ணீர் ஊற்றிக் கழுவ விடமாட்டாய், காய்ந்த சாக்கால்தான் துடைக்க வேண்டும். அப்புறம் வேப்பெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, துணியில் நனைத்து, மரத்தின் ஓட்டத்தோடு தேய்ப்பாய். மழைக்காலம் முடிந்ததும் நான்கு கால்களையும் தூக்கி நிறுத்தி, அடியில் தார் பூசி, புதுக் கல் வைப்பாய். "பெஞ்சுதான்ப்பா நமக்கு முதுகு. அது சாஞ்சா நாம சாஞ்சோம்" என்பாய். மரத்துக்கு ஒரு சனிக்கிழமை தவறாமல் மருந்து போட்டவனே, உன் கைக்கு மருந்து போட உனக்கு ஒரு கிழமை கிடைக்கவில்லையா?

ஆணிக்கு வருகிறேன். செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட நீ வாழைநார்தான் வைத்துக்கொள்வாய். சணல் எடுக்கமாட்டாய். அந்த நாரைப் பெஞ்சின் மேல் வைக்கவும் மாட்டாய். பெஞ்சில்தான் குதிரை லத்தியும் இலைமக்கும் கிடக்குமே. ஏரிக்கரையிலிருந்து கூடை கூடையாக நாம் அள்ளி வந்த லத்தி, அதுதான் நம் செடியைப் பூக்க வைத்தது. அதை நீ முழங்கை வரைக்கும் பிசைவாய், அதில் கூச்சம் இல்லை. எலும்புத்தூளை மட்டும் தொடமாட்டாய், அது என் பக்க வேலை. ஆனால் நார் மட்டும் எதன் மேலும் படக் கூடாது. "பூக்கட்டுற நாருடா. அழுக்குல கெடக்கலாமா?" நீ கட்டியது பூ இல்லை, பெட்டூனியாத் தண்டு. சொன்னால் கேட்டால்தானே.

அதற்காக முனைக் கம்பத்தில் ஒரு நீள ஆணி அடித்தாய். இரண்டு நாளில் ஆணித் தலையில் நார் சிக்கிப் பிய்கிறதென்று உளியை வைத்து ஆணித் தலையை வெட்டி எறிந்தாய். அதற்குப் பிறகு அது ஆணி இல்லை, முள். நான் எத்தனை முறை சொன்னேன். பஜாரில் வளைந்த கொக்கி விற்கிறான், வாங்கி மாட்டிக்கொள் என்றேன். "கொக்கி பிடிச்சு வச்சுக்கும். ஆணிதான் இழுத்தா விடும்" என்றாய். விட்டதா உன்னை?

அது தைப்பூசத்துக்கு முந்தின நாட்கள். நீ மாலை போட்டு விரதம் இருந்தாய். வருஷா வருஷம் போகிறது போல மலைப்பாதையில் இறங்கி நடந்தே பழனிக்குப் போகத் திட்டம். காலைப் பனி இன்னும் உருகவில்லை, கைகள் மரத்துப் போயிருந்தன. பெஞ்சுக்கு அடியிலிருந்து தொட்டிகளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாய். உள்ளங்கைக்குக் கீழே, மணிக்கட்டில், ஆணி ஏறிவிட்டது. "ஸ்ஸ்" என்றாய், அவ்வளவுதான். ரத்தம்கூட அதிகம் இல்லை. கையெல்லாம் லத்தி. வேட்டியில் துடைத்தாய், மடியிலிருந்த சுருக்குப் பையிலிருந்து விபூதி எடுத்து வைத்து அழுத்தினாய்.

"ஆசுபத்திரிக்கு வா, ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துருவோம்" என்றேன். "குதிரைச் சாணிக் கையி. வெரசாப் போயிட்டு வெரசா வந்துருவோம்."

"மாலையோட அங்கயெல்லாம் மிதிக்கக் கூடாதுப்பா. பொணம் கெடக்குற எடம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கோயில்லயே பொறந்தவனுக்குத் தெரியாதா? ஒனக்கு என்ன தெரியும், பூண்டுக்காரா."

அந்த ஒரு பேச்சில் என் வாயை அடைத்தாய். செடி விஷயமென்றால் உன்னோடு நாள் முழுக்கச் சண்டை போட்டிருப்பேன். சாமி விஷயத்தில் பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளையிடம் கூக்கால்காரன் என்ன பேச முடியும். பூசம் முடித்து வந்து ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் மண் நிரப்ப ஆரம்பித்தாய்.

நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒரு வாரம் போயிருக்கும். என் வீட்டுக்காரி அவித்த கிழங்கு வைத்தாள். நீ பிட்டுப் பிட்டு வாயில் வைத்து, மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். "என்னண்ணே, வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க, வெரதத்துல மௌனமும் சேத்துக்கிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டே நீ சிரித்தாய். "குளிரு தங்கச்சி, தாடை பிடிச்சுக்கிச்சு" என்றாய். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் நீ பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்து பின்னால் வளைந்திருந்தது. கிழங்கு ஏற்ற வந்த லாரியில் உன்னைப் படுக்க வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். மாலையோடுதான். நீ மிதிக்கமாட்டேன் என்ற அதே வாசற்படியில், நான்கு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். ரணஜன்னி, டெட்டனஸ் என்றார். குத்தின அன்றைக்கே ஏன் கூட்டி வரவில்லை என்று என்னைத்தான் கேட்டார். என்ன சொல்வது, சட்டம் போட்டவன் படுத்துக் கிடக்கிறான் என்று சொல்லவா. தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி உன்னை ஒரு அறையில் போட்டார்கள். வெளிச்சம் படக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது. கதவு கிறீச்சிட்டால்கூட உனக்கு உடம்பு வில்லாக வளைந்துவிடும் என்றார் டாக்டர். யாரும் பேசாதீர்கள், அழுதால் வெளியே போய் அழுங்கள் என்றார்.

அந்த அறையில் உன் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். செருப்பை வெளியே விட்டிருந்தேன். இருமல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். உள்ளே எனக்குக் கொதிக்கிறது. உன் சட்டையைப் பிடித்து உலுக்கி, முட்டாளே, கேனயனே, ஒரு ஊசிக்கு உனக்கு என்னடா கேடு என்று கத்த வேண்டும். கத்தினால் நீ வளைவாய். வாழ்க்கையில் உன்னிடம் ஒரு சொல்லைக்கூட அடக்கி வைக்காதவன், அங்கே மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாய். உனக்கு நினைவு தெளிவாக இருந்தது. நான் என்ன சொல்லத் துடிக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் போய்விட்டாய். திட்டு முழுவதும் என்னிடமே தங்கிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு பஜாரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பூசத்துக்கு முருகன் அழைத்துக்கொண்டான் என்றார்கள், கொடுத்து வைத்தவன் என்றார்கள். நானும் முருகனைக் கும்பிடுகிறவன்தான். அவன் ஒருவனை அழைக்க வேண்டுமென்றால் தலை வெட்டின ஆணியும் குதிரைச் சாணியும்தான் அகப்பட்டதா? ஆணி குத்திச் செத்தான் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் சொன்னேன், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உன் அண்ணன் வந்திருந்தார். இந்தக் கொட்டகைக்கு வந்து, பெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். உங்கள் கோயில் சட்டம்தானே இவனைக் கொன்றது என்று மனதில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் மரியாதையாகக் கேட்டேன்.

"மாலை போட்டா ஆசுபத்திரிக்குப் போகக் கூடாதுங்களாண்ணே?"

அவர் என்னைப் பார்த்து விழித்தார். "யாரு சொன்னது? போன பூசத்துக்கு நான் மாலையோட போயித்தான் கடவாப் பல்லைப் புடுங்கிக்கிட்டேன். வலியில கெடந்தா மாலை எப்படி தொடுக்குறது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பெஞ்சிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "அவன் எப்பவுமே இப்பிடித்தாங்க. எங்களுக்கு இல்லாத சட்டமெல்லாம் அவனுக்கு இருக்கும். மலைக்கு வந்தப்புறம் இன்னும் சாஸ்தியாயிருச்சு" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. கோயிலிலேயே இருக்கிறவர் மாலையோடு போய்ப் பல் பிடுங்கிக்கொள்கிறார். அங்கிருந்து விலகி வந்த உனக்குத்தான் பயம். சாணியிலும் மக்கிலும் கை வைத்துப் பிழைக்கிறோமே, பழையபடி நாம் இன்னும் அந்த வீட்டுப் பிள்ளைதானா என்று பயம். அதற்காக நார் தரையில் படக் கூடாது, மாலையோடு ஆசுபத்திரி கூடாது என்று நீயாகவே ஒவ்வொரு சட்டமாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாய். ஒரு கடிதாசு போட்டு அண்ணனைக் கேட்டிருக்கக் கூடாதா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நீ யார் வீட்டுப் பிள்ளை என்று நான் எப்போதாவது சந்தேகப்பட்டேனா? பூக்காரா என்றுதானே வாய் நிறையக் கூப்பிட்டேன்.

அண்ணன் போனதும் அந்த ஆணியைப் பிடுங்கினேன். இழுத்தால் விடும் என்று நீ சொன்ன ஆணி எனக்கு விடவில்லை, கம்பத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. ஆடி ஆடித்தான் வந்தது. அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேய்க்கிறேன், அந்த ஓட்டையை மட்டும் விட்டுவிடுகிறேன். அடைக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

இன்று காலை மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். உன் இடத்தில், மேல் முனையில்தான் அவள் நிற்கிறாள். உன் உயரம்தான், பெஞ்சு அவளுக்குச் சரியாக இருக்கிறது. முழுவதையும் கேட்டுவிட்டு மண்ணைக் கிளறினாள். அப்புறம், "சரி மாமா. அப்ப நாரை எங்க வைக்குறது? பெஞ்சுலயே வச்சுக்கவா?" என்றாள்.

வை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அவள் கையிலிருந்து கத்தையை வாங்கி, இத்தனை வருஷமாகச் செய்கிறபடி என் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டேன். வேலை முடிகிற வரைக்கும் அது அங்கேதான் கிடக்கும். வேண்டும்போது அவள் என்னிடம் வந்து உருவிக்கொள்ளட்டும்.

ஆமாம், நீ செத்ததிலிருந்து உன் நாரை நான்தான் கழுத்தில் சுமந்துகொண்டு திரிகிறேன். எலும்புத்தூள் பிசைகிற பூண்டுக்காரன், உன் நாரில் ஒரு பொட்டு அழுக்குப் படவிடவில்லை. அதற்கும் உன் மேல் கோபம்தான் வருகிறது. சில நாள் இதைக் கழற்றி லத்திக் கூடையில் வீசிவிடலாமா என்று இருக்கும். நீ எழுந்து வந்து சண்டை போடுவாய் என்றால் சொல், இப்போதே வீசுகிறேன்.

பூண்டுக்காரன்